ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை

"என் மருமக திமிர் பிடிச்சவ. எதிர்த்துப் பேசுவா. எடுத்த பாத்திரத்தை எடுத்த இடத்துல வெக்கமாட்டா. ஆனா பொய் மட்டும் சொல்லமாட்டா. அவளைப் பொய்க்காரின்னு சொன்னவனை நான் சும்மா விடறதா இல்ல."

அலுவலகக் கதவைத் திறந்ததுமே வந்து நின்ற அந்த அம்மாள், உட்காரச் சொன்ன நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலைந்து நாளாக விடாத மழை. நான் அப்போதுதான் துடைத்து முடித்த தரையை அவருடைய குடை மறுபடி நனைத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். மருமகளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்த மாமியாரை நான் அதுவரை பார்த்ததில்லை.

இந்த அலுவலகத்தில் துப்பறிவது என் அண்ணி. துடைப்பது, டைப் அடிப்பது, அவ்வப்போது அடி வாங்குவது எல்லாம் நான். வேலை போன கொழுந்தனை வீட்டில் வைத்திருந்தால் டி.வி. தேய்ந்துபோகும் என்று அண்ணி என்னை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். அதற்கு முன் அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்துபோன குடோன்களைப் பார்த்து, தானாக எரிந்ததா, எரித்ததா என்று சொல்வது அவர் வேலை. பொய்யை மோப்பம் பிடிக்கிற மூக்கு அது. நான் கொடுத்த லீவு லெட்டர்களே அதற்குச் சாட்சி.

விஷயம் இதுதான். அந்த அம்மாளின் மருமகள் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஆராய்ச்சியாளர். தண்ணீரிலும் கரையாத, எண்ணெயிலும் கரையாத ஒரு தோல் மருந்தைச் சுமந்துபோக ஒரு திரவம் கண்டுபிடித்திருந்தாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்பதுதான் அதன் பெருமையே. முந்தின நாள், அதை வாங்க வந்த மருந்துக் கம்பெனியின் பரிசோதகர் முன்னால் அதைச் செய்துகாட்டினாள். தெளிந்து நிற்க வேண்டியது பால் மாதிரி கலங்கிப்போனது. கம்பெனியின் எம்.டி. அந்த இடத்திலேயே அவளுடைய சாவியைப் பிடுங்கிக்கொண்டார். 'நான் இதுவரை காட்டிய முடிவுகள் அனைத்தும் பொய்' என்று ஒரு தாளில் டைப் அடித்து, இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். போட்டால் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் எந்த ஆய்வகமும் அவளை வாசல்படி ஏற்றாதபடி செய்துவிடுவாராம்.

அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மருமகள் கையெழுத்துப் போடப்போகிறாளா?

"செத்தாலும் போடமாட்டேங்கறா. இந்தத் திமிருக்காக நானே அவளை எவ்வளவோ திட்டியிருக்கேன். இப்ப அது கொஞ்சம்கூடக் குறையக் கூடாதுங்க."

அண்ணி எழுந்துவிட்டார். "தம்பி, ரெண்டு காலி அட்டைப்பெட்டி எடு. நாம அந்தப் பொண்ணோட சொந்தக்காரங்க. சாமானை எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்."

* * *

அட்டைப்பெட்டியோடு வருகிறவனை எந்த வாட்ச்மேனும் சந்தேகப்படுவதில்லை. ஆய்வகக் கதவைத் திறந்துவிட்டு, சீக்கிரம் ஆகட்டும் என்று முனகிவிட்டு, அவர் மழையை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்.

மருமகள் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அழவில்லை, தூங்கவில்லை, அவ்வளவுதான் என்று நாங்கள் கேட்காமலே சொன்னாள். மாமியார் அனுப்பினார் என்றதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எடுத்த பாத்திரத்தை எடுத்த இடத்தில் வைக்காதவள் என்று நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் நம்பினாள்.

"தோத்துட்டேன்னு எழுதிக் கொடுக்கச் சொன்னா இப்பவே கொடுக்கறேன். பொய் சொன்னேன்னு எழுதமாட்டேன். ரெண்டும் வேற வேற," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் வேதியியலில் கோட்டைவிட்டவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னார். மருமகள் பொறுமையாகச் சொன்னாள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. நடுவில் சோப்பு போன்ற ஒன்று வந்தால் ஒட்டும். இவள் செய்தது, தண்ணீரை விரட்டிவிட்டு அந்த இடத்தில் ஓர் உப்பை வைத்தது. அது காய்ச்சாமலே, கரைக்காமலே, சும்மா வைத்தாலே திரவமாக இருக்கிற உப்பு. அயனித் திரவம் என்று அதற்குப் பெயர். மருந்து அதில் சமர்த்தாகக் கரைந்துவிடும். அந்த உப்பைப் பொடிப்பொடித் துளிகளாக எண்ணெய்க்குள் சோப்பு தாங்கிப் பிடித்துக்கொள்ளும். துளிகள் அவ்வளவு சின்னவை. வெளிச்சமே அவற்றைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவதால் மொத்தமும் கண்ணாடி மாதிரி தெரியும். இந்த மாதிரிக் கலவைக்குத்தான் மைக்ரோ எமல்ஷன் என்று பெயர்.

"எண்ணெய் மாமியார், உப்பு மருமக, சோப்பு நடுவுல மாட்டிக்கிட்ட புருஷன். இதுக்கா இவ்வளவு படிச்சீங்க?" என்றேன்.

முந்தின நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"அப்ப தண்ணி யாரு?" என்று அண்ணி கேட்டார்.

"நாத்தனார்," என்றாள் மருமகள் யோசிக்காமல். "கொஞ்சம் உள்ள வந்தாப் போதும், குடும்பம் கலைஞ்சுடும்."

அந்த உப்பிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். திறந்து வைத்தால் குடித்துக்கொண்டே இருக்கும். குடித்ததும் தெரியாது, பார்க்க அப்படியேதான் இருக்கும். அதனால் அதன் பாட்டிலை இறுக்கமான மூடி போட்ட பெரிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்திருந்தாள். ஜாடியின் அடியில் ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் பரப்பியிருந்தன. ஈரம் ஏற ஏற அந்த மணிகள் இளஞ்சிவப்பாக மாறும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனாள். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் மணிகள் நல்ல நீலம். அந்த நீலத்தை நம்பித்தான் பரிசோதகர் முன்னால் பாட்டிலைச் சாய்த்தாள்.

அண்ணி ஜாடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, வெள்ளிக்கிழமை இந்த மணிகள் என்ன நிறத்தில் இருந்தன என்று கேட்டார்.

"வெளுத்துப்போயிருந்துச்சு. திங்கக்கிழமை அடுப்புல காயவெக்கணும்னு நெனச்..."

அவள் அப்படியே நின்றாள். கையில் இருந்த பேனா ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பெட்டி நசுங்கியது. வெளுத்த மணி பூட்டின அறையில் தானாக நீலமாகுமா? விடுமுறையில் யாரோ உள்ளே வந்து, ஜாடியையும் பாட்டிலையும் மழைக்காற்றில் திறந்து போட்டிருக்கிறார்கள். உப்பு வயிறு முட்டக் குடித்திருக்கிறது. மணிகள் முழுசாகச் சிவந்திருக்கும். காட்டிக் கொடுத்துவிடுமே என்று மணிகளை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. உப்பு ஈரம் குடிக்கும் என்று இந்தக் கட்டடத்தில் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். பக்கத்து ஆய்வகத்துப் பெயிண்ட் சாருக்கு மட்டும்தான் என்றாள். எம்.டி.க்கு?

"அவருக்கு வியாபாரம் மட்டும்தான் தெரியும். பாட்டிலை எந்தப் பக்கம் திறக்கணும்னுகூடத் தெரியாதுன்னு அவரே பெருமையாச் சொல்லிக்குவாரு."

கெட்டுப்போன உப்பைத் திரும்ப நல்லதாக்க முடியுமா என்று அண்ணி கேட்டார். முடியும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடாக்கும் அடுப்பு ஒன்று இருக்கிறது. அதில் வைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு அசையாது. ஆவியாவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஆனால் அவளுடைய அடுப்பை எம்.டி. பூட்டிவிட்டார். இன்னொன்று பெயிண்ட் சாரிடம்தான் இருக்கிறது.

அண்ணி பாட்டிலை என் அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். ஜாடியிலிருந்து சில மணிகளை எடுத்துத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

* * *

பெயிண்ட் சாரைப் பார்த்ததுமே இவர்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மூக்குக் கண்ணாடியில் வெள்ளைப் பெயிண்ட் புள்ளி, அதற்குப் பின்னால் உலகத்தையே பிடிக்காத கண்கள். காலமெல்லாம் தண்ணீர்ப் பெயிண்ட் கலக்கியவர். தண்ணீர் இல்லாத எமல்ஷன் என்பது காதில் பூ சுற்றுகிற வேலை என்று மருமகளின் முகத்துக்கு நேராகவே சொன்னவர். எங்களைப் பார்த்ததும், சமாதானம் பேச வந்திருந்தால் வந்த வழியே போகலாம் என்றார்.

அண்ணி சமாதானம் பேசவில்லை. அவருடைய அலமாரியில் இருந்த கண்ணாடி ஜாடியைக் காட்டி, இந்த மணிகள் ஏன் இப்படி உடைந்து கிடக்கின்றன என்று கேட்டார். நீலம்தான். ஆனால் மங்கல் நீலம். பாதிக்கு மேல் விரிசல், மிச்சம் துண்டு துண்டு.

இதுகூடத் தெரியாதா என்று அவர் எரிந்து விழுந்தார். மணி சிவந்தால் அடுப்பில் போட்டு வறுத்தால் மறுபடி நீலமாகும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விரியும். "இங்க வேலை செய்யறவன் எவனும் மணியைத் தூக்கிப் போடமாட்டான். பொடியாகற வரைக்கும் வறுப்போம். புதுசு ஸ்டோர்ல தூங்கிக்கிட்டிருக்கு, யாரும் தொட்டதில்ல."

அண்ணி கைக்குட்டையைப் பிரித்தார். மணிகள் முழு உருண்டையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் உருண்டன.

பெயிண்ட் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எங்கிருந்து எடுத்தது என்று கேட்டார். அண்ணி சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, தன் அடுப்பைப் போட்டார். கையை நீட்டினார். அட்டைப்பெட்டியில் இருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

"அந்தப் பொண்ணு செய்யறது எனக்குப் பிடிக்காது. அந்தப் பொண்ணையே எனக்குப் பிடிக்காது. ஆனா என் பக்கத்து ரூம்ல எவனோ வந்து பாட்டிலைத் திறந்துபோட்டுட்டுப் போறதை என்னால பொறுத்துக்க முடியாது."

என்னுடைய குற்றவாளி என் கண் முன்னாலேயே நல்லவராகிவிட்டார். வெளியே வந்ததும், அப்படியானால் கூட்டிப் பெருக்குகிறவர்களாக இருக்குமோ என்று அண்ணியிடம் இழுத்தேன். அவர் என் தலையில் லேசாகத் தட்டினார்.

"அவங்களுக்கு மணியை மாத்தணும்னே தோணாதுடா. இதைச் செஞ்சவனுக்கு மாத்தணும்னு தெரிஞ்சிருக்கு, வறுக்கலாம்னு தெரியல. இந்த வேலையைப் பத்திக் காதால கேட்டிருக்கான், கையால செஞ்சதில்ல. ஸ்டோர் சாவியும் அவன்கிட்ட இருக்கு. இன்னொண்ணு யோசிச்சியா? தோத்தவங்களை வீட்டுக்கு அனுப்பினாப் போதும். எதுக்குக் கையெழுத்து கேக்கணும்?"

அண்ணி திரும்பி உள்ளே போய், பெயிண்ட் சாரிடம் ஒரு தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் கிளிசரின் வாங்கிக்கொண்டு வந்தார்.

* * *

மத்தியானம் முழுக்க அந்த அடுப்பின் முன்னால் மருமகள் காவல் இருந்தாள். சாயங்காலம் நெருங்கியதும் அண்ணியும் நானும் எம்.டி.யின் அறைக்குப் போனோம்.

மேஜையில் அந்தத் தாள் தயாராக இருந்தது. அதன் மேல் மூடி கழற்றிய பேனாவும் இருந்தது. அண்ணி தன்னை மருமகளின் பெரியம்மா மகள் என்று சொல்லிக்கொண்டார். எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றதும் எம்.டி.யின் முகம் மலர்ந்தது. தான் வெறும் வியாபாரி, உப்பு, சோப்பு எல்லாம் படித்தவர்கள் சமாசாரம், அந்தப் பெண் பேச்சை நம்பி மோசம் போய்விட்டேன் என்று உருக்கமாகச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கே பாவமாகிவிட்டது.

அண்ணி கண்ணாடிக் கிண்ணத்தை மேஜையில் வைத்தார். "வேற இடத்துல பத்திரமா வெச்சிருந்த உப்பாம். ஈரம் படாத நல்ல உப்பு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதானாம். ஞாபகத்துக்கு எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேக்கறா."

"குப்பைங்க அது. இங்கயே விட்டுட்டுப் போங்க, நான் கொட்டச் சொல்லிடறேன்."

அப்படியே செய்யலாம் என்ற அண்ணி, மழையில் நனைந்து வந்தது குளிர்கிறது, ஒரு வாய் டீ கிடைக்குமா என்று கேட்டார். மூலையில் மின்சாரக் கெட்டில் இருந்தது. தாராளமாக என்றார் எம்.டி. நான் கெட்டிலைத் தூக்கி வந்து மேஜைமேலேயே வைத்து, அதன் மூக்கு, கிண்ணத்தைப் பார்க்கிற மாதிரித் திருப்பி, சுவிட்சைத் தட்டினேன்.

எம்.டி. நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொதித்தது. ஆவி கிளம்பி நேராகக் கிண்ணத்தின் மேல் படர்ந்தது. அவர் பேச்சு தடுமாறியது. நாணயம் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கை நீண்டது. கெட்டிலின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பினார். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். தன்னுடைய டீ சாஸரை எடுத்து அதன் மேல் கவிழ்த்தார். பிறகு நாணயத்தைத் தொடர்ந்தார்.

"குப்பைக்கு எதுக்கு சார் மூடி?" என்று அண்ணி கேட்டார்.

"தூசி விழும்னு..."

"தூசி கெட்டில் மூக்குலேர்ந்தா வருது? அதைத்தானே முதல்ல திருப்பினீங்க."

அண்ணி குரலை உயர்த்தாமல் மிச்சத்தையும் சொன்னார். உப்பு ஈரம் குடிக்கும் என்பது எம்.டி.க்குத் தெரியும். ஸ்டோர் சாவியும் விடுமுறை நாளும் அவர் கையில் இருந்தன. எல்லாம் பொய் என்று அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு இதே திரவம் வேறு பெயரில் வெளியே வரும்போது, இது என்னுடையது என்று அவள் வாய் திறக்க முடியாது. பொய் என்று அவளே எழுதிக் கொடுத்தாயிற்றே.

"அப்புறம் சார், அது வெறும் கிளிசரின். மூடாம வெச்சிருந்தாலும் பரவாயில்ல."

எம்.டி. சாஸரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு சாஸரை வெச்சு என்னை மாட்டிவிடப் பாக்கறீங்களா? யார்கிட்ட வேணாலும் போய்ச் சொல்லுங்க. கிண்ணத்தை மூடினது எந்த ஊர்ல குத்தம்?"

அந்த ஆள் சொன்னது சரிதான். சாஸரைக் காட்டி யாரை நம்பவைக்க முடியும்?

கதவருகே மருமகள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பெயிண்ட் சார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியாது. எம்.டி. தாளை அவள் பக்கம் தள்ளினார். போடு, இல்லையென்றால் நாளைக் காலையில் எல்லா இடத்துக்கும் கடிதம் போய்விடும் என்றார்.

அவள் தாளைப் பார்க்கவே இல்லை. "நீங்க ஒத்துக்கணும்னு நான் கேக்கல சார். பரிசோதகர் இன்னும் கெஸ்ட் ரூம்லதான் இருக்காங்க. கூப்பிட்டாச்சு."

* * *

பரிசோதகர் கோட்டு மாட்டிக்கொண்டு, பெட்டியோடு கிளம்புகிற கோலத்தில் பெயிண்ட் சாரின் ஆய்வகத்துக்கு வந்தார். கார் காத்திருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். எம்.டி. அவரிடம், இந்தக் கூத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று குழைந்தார். பெயிண்ட் சார் அடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

மருமகள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சோதனைக் குழாயில் எண்ணெயை ஊற்றினாள். சோப்பைச் சேர்த்தாள். மருந்து கரைந்த உப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூடிக் குலுக்கினாள்.

கலவை பாலாகக் கலங்கியது.

எம்.டி.யின் தொண்டையில் ஒரு செருமல் எழுந்தது. பரிசோதகர் குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடியிலிருந்து ஆரம்பித்தது. பால் மெல்ல விலகியது. கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, யாரும் தொடாமல், யாரும் குலுக்காமல், தன்பாட்டுக்குத் தெளிந்துகொண்டே போனது. கடைசியில் குழாய்க்குப் பின்னால் இருந்த பெயிண்ட் சாரின் சட்டைப் பொத்தானை அதன் வழியாகப் பார்க்க முடிந்தது. நூல் பிரிந்த பொத்தான். அந்த நூல்கூடத் தெரிந்தது.

"அட," என்றார் பெயிண்ட் சார். அந்த மனிதரின் வாயிலிருந்து வந்ததால் அது பெரிய பாராட்டு.

பரிசோதகர் பெட்டியைக் கீழே வைத்தார். குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நேற்று ஏன் இப்படி வரவில்லை என்று கேட்டார். உப்பில் தண்ணீர் ஏறியிருந்தது, இன்று அதை விரட்டிவிட்டேன் என்றாள் மருமகள். எப்படி ஏறியது என்பதை எம்.டி.யிடம்தான் கேட்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். பரிசோதகர் திரும்பி எம்.டி.யை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, அறிக்கையில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டார்.

"எங்க கம்பெனி..." என்று எம்.டி. முந்தினார்.

மருமகள் தன் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு, பட்டத்தோடு, அவர் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எழுதியதை எட்டிப் பார்த்துச் சரிதான் என்று தலையாட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

பரிசோதகர் காரைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு முறை செய்துகாட்டச் சொன்னார். அவள் அடுத்த குழாயை எடுத்தாள். எம்.டி. நிலைப்படிவரை போய் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் திறந்து கிடந்த கதவு வழியாக மழைச்சாரல் வராந்தாவை நனைத்துக்கொண்டிருந்தது. நடந்தது நடந்துவிட்டது, நாளைக்கு உட்கார்ந்து பேசலாம், உனக்கு என்ன வேண்டும் சொல் என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாட்டிலின் மூடியைத் திறக்கப்போன கையை மட்டும் நிறுத்தினாள்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க சார். ஈரக்காத்து வருது."